பன்னிரண்டு ‘இல்லை’

கொருக்குப்பேட்டை,
14-2-2010

அன்புத் தம்பி பீம்ராவுக்கு அக்கா குணசுந்தரி எழுதுவது.

இங்கே என் முழங்கால் ஒன்றைத் தவிர எல்லாம் சுகமாக இருக்கிறது. நீ, எழில்மொழி, மகிழினி மூன்று பேரும் எப்படி இருக்கிறீர்கள்? போன் போட்டால் உங்கள் தீவில் டவர் படுத்துக்கிடக்கிறது. எழுந்து நிற்கிற நாளிலும் “ஹலோ, ஹலோ” என்று இரண்டு பேரும் கத்துவதிலேயே காசு தீர்ந்துபோகிறது. நமக்குக் கப்பல் தபால்தான் சரி.

இங்கே ஒரு விசேஷம். தனியார் பள்ளிகள் இஷ்டத்துக்கு ஃபீஸ் ஏற்றக்கூடாது என்று அரசாங்கம் சட்டம் போட்டதல்லவா? இனி எந்தப் பள்ளி எவ்வளவு வாங்கலாம் என்று ஒரு கமிட்டி சொல்லுமாம். அதற்கு ஒரு ஃபாரம் வந்தது. உன் பள்ளிக்கு என்னென்ன செலவு என்று கட்டம் கட்டமாகக் கேள்வி. தண்டையார்ப்பேட்டைப் பக்கம் ஒரு பெரிய பள்ளி ஆடிட்டரை வைத்து மூன்று வால்யூம் பைண்டு போட்டுக் கொடுத்ததாக நம் டோரதி டீச்சர் சொன்னார். நம் பள்ளியோ கூட்ஸ் யார்டு ஓரத்தில் ஓட்டுக் கட்டடம், ஐந்தாம் வகுப்பு வரைக்கும் நூற்று நாற்பது பிள்ளைகள், இதற்கு எதற்கு ஆடிட்டர்? ஒரே மாலையில் நானே எழுதி முடித்தேன்.

ஐந்து டீச்சர்களின் சம்பளத்தைப் பைசா பிசகாமல் எழுதினேன். மற்றக் கட்டங்களில் எனக்கு ஒரே கொண்டாட்டம். வாடகையா? அம்மா விட்டுப்போன வீடு, இல்லை. மின்சாரமா? மீட்டர் அம்மா பெயரில் இருக்கிறது, இல்லை. பெஞ்சா? துறைமுகத்தில் கழித்துப்போடும் பெட்டிக்கட்டையில் தச்சர் கஸ்பார் அடித்துக் கொடுத்தது, இல்லை. குடிநீரா? பஷீர் பாய் தினமும் தன் தண்ணீர் லாரியை வாசலில் நிறுத்தி டிரம்மை நிரப்பிவிட்டுப் போகிறார், இல்லை. தாளாளர் ஊதியமா? நான் எங்கே வாங்கினேன், இல்லை! எண்ணிப் பார்த்தேன், மொத்தம் பன்னிரண்டு ‘இல்லை’. கல்வியை வியாபாரமாக்காத பள்ளி ஒன்று இருக்கிறது என்று அந்தக் கமிட்டிக்காரர்கள் தெரிந்துகொள்ளட்டும். பாராட்டுக் கடிதம் வந்தாலும் ஆச்சரியமில்லை.

உன் மணியார்டர் வந்தது. தபால்காரர் சின்னப்பையன் எப்போதும் போல “லைன்மேன் தம்பி பாசக்காரரும்மா” என்று சொல்லி ஒரு டீயும் குடித்துவிட்டுப் போனார். மகிழினிக்குப் பிளஸ் டூ பரீட்சை நெருங்குகிறதே, நன்றாகத் தூங்கச் சொல்.

ஆசிகளுடன்,
அக்கா

&nbsp;

கேம்பல் பே,
12-3-2010

அன்புள்ள அக்காவுக்கு,

மூவரும் நலம். உன் முழங்காலுக்கு இங்கிருந்து தேங்காய் எண்ணெய் அனுப்புகிறேன். மருந்து எதுவும் கலக்கவில்லை, நீயே கற்பூரம் போட்டுக் காய்ச்சிக்கொள்.

உன் கடிதத்தை எழில்மொழிக்குப் படித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அக்கா, நான் மின்சார இலாகாவில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறேன். ஒரு வீட்டில் மீட்டர் சுற்றவே இல்லை என்றால் இலாகா அந்த வீட்டுக்காரரைச் சிக்கனக்காரர் என்று பாராட்டாது. இங்கே யாரும் குடியில்லை என்று எழுதிக்கொள்ளும். நீ ஃபாரத்தில் எழுதியது அப்படி ஆகிவிடப்போகிறது.

கரண்டு பில் மாதா மாதம் நீதானே கட்டுகிறாய்? மழைக்கு முன்னால் ஓடு மாற்றுகிறாயே, அது? ஆயா ரஹீமுன்னிசா அக்காவுக்குக் கொடுப்பதை எந்தக் கட்டத்தில் எழுதினாய்? ஃபாரத்தைத் திரும்ப வாங்கித் திருத்த முடியுமா என்று உடனே விசாரி. நாலு வரி எழுதினால் போதும், பதில் போடு.

மகிழினி நன்றாகப் படிக்கிறாள். நர்சிங் படிக்க வேண்டும் என்று ஒரே பேச்சு.

உன் தம்பி,
பீம்ராவ்

&nbsp;

கொருக்குப்பேட்டை,
20-4-2010

அன்புத் தம்பிக்கு,

எண்ணெய் வந்தது. பாட்டிலைத் திறந்ததும் டீச்சர்கள் எல்லோரும் தலைக்குக் கொஞ்சம் கேட்டார்கள், முழங்காலுக்குக் கால் பாட்டில்தான் மிஞ்சியது. ஆனாலும் வலி குறைந்திருக்கிறது.

வெயில் மண்டையைப் பிளக்கிறது. விளையாட்டு விழாவைக் காலை ஏழு மணிக்கே நடத்தி முடித்தோம். சாக்கு ஓட்டத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கோட்டைத் தாண்டியும் நிற்காமல் தண்டவாளம் வரைக்கும் குதித்துக்கொண்டே போய்விட்டது. கேட் கீப்பர் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். அவருக்கும் ஒரு சோப்பு டப்பா பரிசு கொடுத்தேன்.

மகிழினி எந்த ஊரில் நர்சிங் படிக்கப்போகிறாள்? விண்ணப்பம் போட்டாயிற்றா? அதை விவரமாக எழுது. எழில்மொழியைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

&nbsp;

கேம்பல் பே,
18-5-2010

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். மகிழினி எழுபத்தெட்டு சதவீதம் வாங்கியிருக்கிறாள். எழில்மொழி பாயசம் வைத்தாள். இங்கே மழை பிடித்துக்கொண்டது, நாளுக்கு இரண்டு கம்பம் சாய்கிறது.

ஃபாரத்தைப் பற்றி நான் நான்கு கேள்வி கேட்டேன், நீ சாக்கு ஓட்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய். பேப்பர் எங்களுக்கு ஒரு வாரம் கழித்துத்தான் வருகிறது. கமிட்டி எல்லாப் பள்ளிக்கும் ஃபீஸ் நிர்ணயித்துவிட்டதாகப் போட்டிருக்கிறான். உனக்கு எவ்வளவு?

பீம்ராவ்

&nbsp;

கொருக்குப்பேட்டை,
8-6-2010

மதிப்பிற்குரிய திரு. பீம்ராவ் அவர்களுக்கு வணக்கம். நான் டோரதி, நான்காம் வகுப்பு ஆசிரியை. பள்ளி ஆயா ரஹீமுன்னிசா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஒரு எழுத்தைக்கூட மாற்றக்கூடாது என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

தம்பி, நல்லா கீறியா? வூட்ல எல்லாம் சௌக்கியமா? ஒங்கக்கா ஒனக்கு எயுதாது, அதான் நான் சொல்றேன். கெவர்மெண்டுலேர்ந்து பேப்பர் வந்துச்சு. நம்ம இஸ்கோலுக்கு வருசத்துக்கு ஆயிரத்து நூறு ரூபாதான் வாங்கணுமாம். இத்தினி நாளு ஆயிரத்துத் தொள்ளாயிரம் வாங்கிகினு இருந்தோம், அதுலயே இயுத்துக்கோ பறிச்சுக்கோன்னு கீது. ஆயிரத்து நூறுல டீச்சருங்க சம்பளம் மட்டும்தான் வரும். கரண்டுக்குத் துட்டு இல்ல, சாக்பீசுக்குத் துட்டு இல்ல. இப்டியே போனா அடுத்த வருசம் மூட வேண்டியதுதான். மேல ஒரு ரூபா வாங்குனாலும் சட்டப்படி குத்தமாம்.

சனங்களுக்கு இது இன்னா தெரியும்? லோடுமேன் வேலப்பன் மூணு புள்ளிங்கள வச்சிருக்கானே, அவன் ஆயிரம் வாலா வாங்கி வாசல்ல வெடிச்சான். அல்லாரும் ஒங்கக்கா வாயில ஜிலேபி வெச்சாங்க. அதுவும் “சந்தோசம், சந்தோசம்”னு சொல்லிகினே துன்னுச்சு. அல்லாரும் போனப்பறம் பீரோகிட்ட போயி நின்னுகினு இருந்துச்சு.

அப்ப மேசை மேல அந்த ஃபாரம் காப்பி இருந்துச்சு. டோரதி டீச்சர்தான் படிச்சிச்சு. “ஆசிரியர் அல்லாத பணியாளர்”னு ஒரு கட்டம், அதுக்குப் பக்கத்துல இன்னா எயுதியிருக்கு தெரியுமா? “இல்லை”! பத்தொம்பது வருசமா கூட்டிகினு கீறேன், புள்ளிங்களுக்கு மூக்கு சிந்தி வுட்டுகினு கீறேன், நான் இல்லியா? நான் இன்னா பேயா? கேட்டா, “நீ எனக்குத் தங்கச்சி மாதிரிடி, ஒன்ன எப்டி வேலைக்காரின்னு எயுதறது”ன்னு சொல்லுது. தங்கச்சின்னாலும் இல்லைன்னா எயுதுவாங்க? மூணு நாளா நான் அதுகூட பேசறதில்ல. வேலைக்கு மட்டும் வரேன்.

நீ சொன்னா கேக்கும். எயுது தம்பி.

(அவ்வளவுதான் சொன்னார். ஆரஞ்சு மிட்டாய் ஒன்றும் உறையில் வைக்கச் சொன்னார், நான் மறுத்துவிட்டேன். – டோரதி)

&nbsp;

கேம்பல் பே,
2-7-2010

அன்புள்ள அக்காவுக்கு,

ஆயிரத்து நூறு என்று எனக்குத் தெரியும். யார் சொன்னார்கள் என்று கேட்காதே, சொன்னவரை நீ ஏற்கெனவே கோபப்படுத்தி வைத்திருக்கிறாய்.

எனக்குக் கோபமும் வருகிறது, சிரிப்பும் வருகிறது. ஊரில் உள்ள பள்ளிக்கூடமெல்லாம் இல்லாததை இருப்பதாக எழுதி மாட்டிக்கொள்ளும். இருப்பதை இல்லை என்று எழுதி மாட்டிக்கொண்டது இந்தியாவிலேயே நீ ஒருத்திதான். கமிட்டியைக் குறை சொல்ல வழியில்லை. நீ சொன்னதை அவர்கள் அப்படியே நம்பியிருக்கிறார்கள்.

மேல்முறையீடு உண்டு என்று பேப்பரில் போட்டிருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் இருக்கிற கமிட்டி ஆபீசுக்குப் போ. தனியாகப் போகாதே, பெற்றோர்களையும் கூட்டிக்கொண்டு போ. அதற்கு முன்னால் ரஹீமுன்னிசா அக்காவிடம் மன்னிப்புக் கேள்.

இந்த மாதம் மணியார்டரில் ஆயிரம் ரூபாய் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். மகிழினி வீட்டில்தான் இருக்கிறாள். படிப்பை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம், அவளுக்கும் கொஞ்சம் ஓய்வு வேண்டும்.

பீம்ராவ்

&nbsp;

கொருக்குப்பேட்டை,
1-8-2010

அன்புத் தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் ஒரு மாதமாகச் சரியில்லாமல் இருந்து இப்போது தேறிவிட்டது. நீ கேட்டதற்கெல்லாம் பதில் எழுதாமல் இருந்தது தப்புதான். முதல் தடவை நீ கேட்டபோதே தப்பு செய்துவிட்டேன் என்று தெரிந்துவிட்டது. பன்னிரண்டு ‘இல்லை’யைப் பெருமையாக வேறு உனக்கு எழுதிவிட்டேனே, எந்த முகத்தோடு பின்வாங்குவது?

ரஹீமுன்னிசாவிடம் மன்னிப்புக் கேட்டேன். “ஃபாரத்துல எயுது, அப்பறம் பேசறேன்” என்றாள். பெற்றோர் கூட்டம் போட்டேன். ஆணையையும் என் ஃபாரத்தையும் டோரதி டீச்சர் உரக்கப் படித்தார். பெஞ்சுக் கட்டம் வந்தபோது கஸ்பார் எழுந்து, “முப்பத்தாறு பெஞ்சு டீச்சர், என் கையால அடிச்சது. ஒண்ணுகூட ஆடல. அது இல்லியா?” என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தண்ணீர் கட்டம் வந்தபோது பஷீர் பாய் சிரித்துக்கொண்டே தன் மனைவி ரஹீமுன்னிசாவைக் காட்டி, “அவளே இல்லன்றப்ப என் தண்ணி எங்கேந்து இருக்கும்?” என்றார். கூட்டமே சிரித்தது, ரஹீமுன்னிசாவும் சிரித்துவிட்டாள். அதற்கப்புறம் என்னோடு பேசுகிறாள்.

ஆனால் வேலப்பன் எழுந்தான். “நாடே ஃபீச கொறைங்கன்னு கொடி பிடிக்குது. நாம போயி ஏத்துங்கன்னு நின்னா யார்டுல என்னைப் பைத்தியக்காரன்னு சொல்லுவானுங்க. நான் வரமாட்டேன், கையெழுத்தும் போடமாட்டேன்” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான். அவன் மேல் எனக்கு வருத்தமில்லை. மூட்டை தூக்கி மூன்று பேரைப் படிக்க வைக்கிறவனுக்கு எண்ணூறு ரூபாய் என்பது சின்ன விஷயமா? மற்றவர்கள் மேல்முறையீட்டு மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். சந்தோஷமாகப் போட்டார்கள் என்று பொய் சொல்லமாட்டேன், போட்டார்கள்.

மகிழினிக்கு என்ன ஓய்வு, பதினேழு வயதில்? அவளுக்கென்று ஒரு சீட்டு இதில் தனியாக மடித்து வைத்திருக்கிறேன். பிரிக்காமல் அவள் கையில் கொடு.

அக்கா

&nbsp;

கேம்பல் பே,
27-8-2010

அன்பு அத்தைக்கு மகிழினி எழுதிக்கொள்வது.

நாங்கள் நலம். உங்கள் சீட்டைப் படித்தேன். உண்மையைச் சொல் என்று கேட்டிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். அப்பாவுக்கு நான் எழுதியது தெரியக்கூடாது.

போர்ட் பிளேயரில் நர்சிங்கில் எனக்கு இடம் கிடைத்தது, அத்தை. விடுதிக்கும் சேர்த்து முதல் தவணை கட்ட வேண்டியிருந்தது. அப்பா இரண்டு நாள் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். அம்மா, “அண்ணிக்கு அனுப்பறதை நாலு மாசம் நிறுத்தினா முடியுமே” என்று மெதுவாகத்தான் சொன்னாள். அப்பா, “அங்க நூத்தி நாப்பது பேர் படிக்கிறாங்க” என்றார். நோட்டை மூடி வைத்துவிட்டார்.

எனக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. ஒரு நாள் மட்டும் இருந்தது. அடுத்த வருஷமும் விண்ணப்பிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். இப்போது சுகாதார நிலையத்துக்குப் போய் நர்ஸ் அக்காவுக்குக் கூடமாட உதவி செய்கிறேன். ஊசி போடத் தெரியும், ஆனால் போட விடமாட்டார்கள்.

உங்கள் முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். படியில் குந்தாதீர்கள்.

அன்புடன்,
மகிழினி

&nbsp;

கொருக்குப்பேட்டை,
28-9-2010

அன்புத் தம்பிக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். மகிழினி நல்ல பிள்ளை. வேறொன்றும் இல்லை, சொல்லத் தோன்றியது.

விசாரணைக்குப் போய் வந்தோம். பஷீர் பாய் தண்ணீர் லாரி வேண்டாம் என்று ஒரு வேன் பிடித்தார். அதில் பதினேழு பேர். நுங்கம்பாக்கத்தில் வராந்தா முழுக்கப் பெற்றோர் கூட்டம். கையில் அட்டை வைத்துக்கொண்டு, குறை குறை என்று கோஷம். எங்களைப் பார்த்து ஒரு அம்மா, “உங்க ஸ்கூல்ல எவ்ளோ கொள்ளை?” என்று பரிவோடு விசாரித்தார். ரஹீமுன்னிசா, “எங்குளுது ரொம்பக் கம்மிம்மா, அத்த ஏத்தச் சொல்லத்தான் வந்துகீறோம்” என்றாள். அந்த அம்மா தன் பிள்ளையை இழுத்துக்கொண்டு அந்தப்பக்கம் போய் நின்றுகொண்டார்.

உள்ளே ஒரு அதிகாரி அம்மாள், கண்ணாடி போட்டவர். எங்கள் மனுவை இரண்டு முறை படித்தார். “பெற்றோர் கையெழுத்துப் போட்டு ஃபீஸை ஏத்தச் சொல்றீங்க. மேடம், இவங்களை நீங்க மிரட்டலையே?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்: “அது மிரட்டுற ஆளா இருந்தா நாங்க ஏம்மா இங்க வரோம்?” திரும்பினால் வேலப்பன்! யார்டிலிருந்து அழுக்குச் சட்டையோடு பஸ் பிடித்து வந்திருக்கிறான். “நீங்க கொறச்சதுல எனக்குச் சந்தோசம்தாம்மா, வெடி வெடிச்சேன். அப்பறம் பெரிய இஸ்கோலுல போய்க் கேட்டேன். நீங்க கொறச்ச பின்னாடியும் அங்க பதினோராயிரம். இது மூடிட்டா என் புள்ளிங்கள எங்க வுடுவேன்? ஏத்துங்க. ரொம்ப ஏத்தாதீங்க” என்றான். அதிகாரி அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

அப்புறம் கட்டம் கட்டமாகத் திருத்தினோம். கரண்டு, ஓடு, சாக்பீஸ் எல்லாவற்றுக்கும் ரசீது காட்டினேன். கஸ்பாரும் பஷீர் பாயும் காசு வேண்டாம் என்றார்கள். “வேண்டாம்னா நன்கொடைன்னு பேரோட எழுதுங்க, இல்லைன்னு எழுதாதீங்க” என்றார் அந்த அம்மாள். ஆயா, ரஹீமுன்னிசா, இரண்டாயிரம் என்று எழுதினபோது அவளே குனிந்து பார்த்தாள். எழுத்துக்கூட்டித் தன் பெயரைப் படித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

கடைசியாகத் தாளாளர் ஊதியம். எழுத எனக்குக் கை வரவில்லை, இதுமட்டும் இல்லை என்றே இருக்கட்டும் என்றேன். “அப்போ பத்தொன்பது வருஷமா எப்படிச் சாப்பிடறீங்க?” என்று கேட்டார். தம்பி மாதா மாதம் அனுப்புகிறான் என்றேன். “அப்போ இந்தப் பிள்ளைங்க ஃபீஸ்ல ஒரு பங்கை உங்க தம்பி கட்டிக்கிட்டு வராரு. அவரை எந்தக் கட்டத்துல எழுதியிருக்கீங்க?” என்றார். அவர் அதட்டவில்லை பீமா, சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பதினேழு பேருக்கும் முன்னால், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

ரஹீமுன்னிசா பேனாவை எடுத்து என் கையில் திணித்து, “நாலாயிரம்னு எயுது டீச்சர், மானம் ஒண்ணியும் பூடாது” என்றாள். எழுதினேன். ஆணை வர இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். திரும்பும்போது வேனில் வேலப்பனையும் ஏற்றிக்கொண்டோம். வழி முழுக்கப் பாட்டு.

அக்கா

&nbsp;

கேம்பல் பே,
24-10-2010

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை வாசலில் நின்றே படித்து முடித்தேன். எழில்மொழி என் முகத்தைப் பார்த்துவிட்டு யாருக்கு என்ன ஆயிற்று என்று பயந்துவிட்டாள்.

அந்த அதிகாரி அம்மாவிடம் சொல், என்னை எந்தக் கட்டத்திலும் எழுத வேண்டாம். நான் பி.காம் ஃபெயிலாகி ரெயில்வே கேட்டில் சுற்றிக்கொண்டிருந்தபோது டியூஷன் எடுத்து ஐ.டி.ஐ-க்கு எனக்குப் பணம் கட்டியது யார்? அதை நீ எங்காவது எழுதி வைத்திருக்கிறாயா?

அடுத்த மாத மணியார்டர் ஒன்றாம் தேதி வந்துவிடும். தீபாவளிக்குப் புடவை எடுத்துக்கொள். ஆணை வந்ததும் எழுது.

உன் தம்பி,
பீம்ராவ்

&nbsp;

(மணியார்டர் ஃபாரத்தின் அடித்துண்டு. தொகை ரூ. 4,000. பெறுபவர்: செல்வி பீ. மகிழினி, கேம்பல் பே. அனுப்பியவர்: கு. குணசுந்தரி, தாளாளர். நாள்: 3-12-2010. குறிப்பு எழுதும் இடத்தில் பொடிப்பொடியாக எழுதி, ஓரங்களிலும் நீண்டிருக்கிறது.)

கண்ணு மகிழினி, சுகமா? ஆணை வந்துவிட்டது. இரண்டாயிரத்து ஐம்பது. வேலப்பன் வெடி வெடிக்கவில்லை, ஆனால் முதல் ஆளாக வந்து கட்டினான். பள்ளி மூடாது. சம்பள நோட்டில் ரஹீமுன்னிசாவுக்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். ஐம்பத்து மூன்று வயதில் வாங்கின முதல் சம்பளம் இது, முழுசாக அப்படியே உனக்கு. மாதா மாதம் வரும், விடுதிக்குச் சேர்த்து வை. எனக்கு என்ன சாப்பாடு என்று கேட்காதே, கீழ் அறையில் டியூஷன் எடுக்கிறேன், ஃபீஸ் வாங்கித்தான். உன் அப்பா இந்த மாதம் அனுப்பியதைத் தபால்காரரிடமே திருப்பி விட்டேன். இனி என் பெயருக்கு ஃபாரம் நிரப்ப வேண்டாம் என்று அக்கா சொன்னதாகச் சொல். ஊசி போடக் கற்றுக்கொண்டு வா, முதலில் என் முழங்காலுக்கே போடு. அத்தை.